தடாவுக்கு அப்பாலும் இப்பாலும்: நீரிழிவுக்காரரின் சாதமும் பருப்பும்

தடா என்றதும் நம் அங்கத்தினர்களில் சிலருக்கு 1985ல் வந்து 1995ல் காலாவதியான சட்டம் நினைவுக்கு வரலாம். வைஷ்ணவ இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதும், அதை ஸ்ரீராமானுஜர் நிறைவேற்றி வைத்ததும் நாம் அறிந்ததே. அங்கே தடா என்பது பெரிய பாத்திரம். நான் சொல்ல வருவது இவ்விரண்டையும் அல்ல. சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டியதும் ஆந்திரத்தில் முதலாவதாக வரும் தடா என்னும் ஊரைச் சொல்கிறேன். வெகுகாலம் நெல்லூர் ஜில்லாவில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் மலையும் அருவியும். தமிழும் தெலுங்கும் ஒரே கடையில் ஒரே வாயில் வரும்.

மாநில எல்லை இங்கே விழுந்தது 1953 அக்டோபர் 1ஆம் தேதி, ஆந்திர மாநிலம் பிரிந்தபோது. ஆனால் சாப்பாட்டு எல்லை அதற்கு வெகுகாலம் முற்பட்டது. இப்பால் பொதுவாக ஹோட்டல்களில் புழுங்கலரிசிச் சாதம். அப்பால் பச்சரிசிச் சாதம். இந்த வித்தியாசத்தை நம்மவர்கள் ருசி விஷயமாகவே பேசுவது வழக்கம். விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இது வெறும் ருசி விஷயமாகத் தோன்றவில்லை. இந்தியாவில் ஆகார ஆராய்ச்சி தொடங்கியதே இந்தப் பச்சரிசியால்தான்.

சென்னை ராஜதானியின் வடகோடியில், வடசர்க்கார் என்று அன்று அழைக்கப்பட்ட தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில், பெரிபெரி என்னும் நோய் பரவலாக இருந்தது. கால் மரத்து, வீங்கி, முடிவில் இருதயத்தையும் பாதிக்கும் நோய். அதே ராஜதானியின் தமிழ் ஜில்லாக்களில் அது அபூர்வம். இதை விசாரிக்க 1918ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிஸன் என்ற ராணுவ டாக்டரின் கீழ் ஒரு சிறு பிரிவு ஏற்பட்டது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சுக்காரர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வருவதைக் கண்டிருந்தார். 1929ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குன்னூரில் தெளிவானது இதுதான். நெல்லை ஊறவைத்து வேகவைத்துக் காயவைக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு மிஞ்சும். பச்சையாகத் தீட்டினால் தவிட்டோடு அதுவும் போய்விடும். நம் பாட்டிமார்கள் நெல் புழுக்கியது தயமினுக்காக அல்ல. பலன் மட்டும் கிடைத்தது.

அந்தச் சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. குன்னூரில் இருந்தபோதே ஐக்ராய்ட் என்பவர் 1937ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். 1971ல் கோபாலனும் சகாக்களும் அதை விரிவாக்கினார்கள். 2017ல் முற்றிலும் புதிய அட்டவணை வந்தது. இன்று எந்த ஆஸ்பத்திரியிலும் டயட்டீஷியன் நம் கையில் தரும் காகிதத்தின் மூலம் இதுதான்.

நம் இல்லங்களின் நிலை சற்று விசித்திரமானது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டே நாம் பெரும்பாலும் பச்சரிசிக்காரர்கள். நைவேத்தியத்துக்கும் ச்ராத்தத்துக்கும் புழுங்கல் ஆகாது. இட்லிக்கு மட்டும் அதற்கு அனுமதி. ஆனால் அன்றைய பச்சரிசி உரலில் குத்தியது. தவிடு முழுவதும் போகாது. மில் அரிசிக்கு எதிராக மகாத்மா காந்தி 1930களில் எழுதியதும், குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பாடுபட்டதும் பலருக்கு நினைவிருக்கும். 1958ல் அரிசி மில்களைக் கட்டுப்படுத்த மத்திய சட்டமே வந்தது. சட்டம் இருந்தது; உரல் போய்விட்டது. மல்லிகைப் பூப்போன்ற சாதம் அந்தஸ்தின் அடையாளமாயிற்று.

இனி நீரிழிவுக்கு வருகிறேன். சரக ஸம்ஹிதை பிரமேக ரோகிக்கு முக்கிய ஆகாரமாகச் சொல்வது யவம், அதாவது பார்லி. சுச்ருதர் பிறவியிலேயே வருவது, தவறான ஆகாரத்தால் வருவது என்று இரண்டாகப் பிரித்தார். நவீன வைத்தியமும் முக்கியமாக இரண்டு வகையாகப் பிரிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 1907ல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் கூடியபோது, வெப்ப நாடுகளில் நீரிழிவு என்பது பற்றித் தனி விவாதமே நடந்தது. கல்கத்தா டாக்டர்கள் இதை வசதி படைத்தோர், உட்கார்ந்து வேலை செய்வோர் ஆகியோரின் வியாதியாகக் கண்டார்கள். ஜமீன்தார், வக்கீல், நீதிபதி. பேனா பிடித்துப் பிழைத்த நம் சமூகத்துக்கும் அந்த வர்ணனை பொருந்தாமல் இல்லை.

அப்போது மருந்து கிடையாது, பத்தியம்தான் வைத்தியம். அமெரிக்காவில் ஆலன் என்பவர் கிட்டத்தட்டப் பட்டினி போட்டே நோயாளியைச் சில காலம் காப்பாற்றினார். 1921ல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதன் பிறகும் மேல்நாட்டுப் புத்தகம் சொன்ன ஆகாரம் மாவுச்சத்தைக் குறைத்து, மாமிசமும் முட்டையும் வெண்ணெயும் கூட்டுவதாகவே இருந்தது. மூன்று வேளையும் அரிசி, அதுவும் சைவம் என்று இருப்பவர் என்ன செய்வது? பாதி நாள் பட்டினி கிடப்பார். மீதி நாள் பத்தியத்தைக் கைவிடுவார்.

இதற்கு வழி பிறந்தது வடசென்னையில். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954ல் ராயபுரத்தில் அவர் ஏற்படுத்திய எம்.வி. ஆஸ்பத்திரி, நீரிழிவுக்கென்றே அமைந்த மருத்துவமனை. அவருடைய வாதம் எளிமையானது. அரிசி சாப்பிடுகிறவனிடம் அரிசியை விடு என்றால் விடமாட்டான். ஆகவே மாவுச்சத்து இருக்கட்டும், அதோடு நார்ச்சத்து நிறையச் சேரட்டும், கொழுப்பு குறையட்டும். கீரை, காய், பருப்பு, சுண்டல், வெந்தயம் என்று நம் சமையலறையில் உள்ளதைக் கொண்டே இலையை நிரப்பலாம். பருப்பு வகைகள் ரத்தச் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றுகின்றன என்பதையும் அவரும் சகாக்களும் சோதித்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பர்க்கிட் 1970களில் நார்ச்சத்தின் பெருமையை உலகறியச் செய்ததும், அமெரிக்காவின் கென்டக்கியில் ஆண்டர்சன் இதே போன்ற ஆகார முறையைப் பரிசோதித்ததும் இந்த எண்ணத்துக்குப் பலம் சேர்த்தன. சென்னைக்காரர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே நீரிழிவை நிர்வகிக்கலாம் என்ற தைரியம் இப்படித்தான் வந்தது.

ஆனால் நடந்தது என்ன? டாக்டர் சொன்ன இரண்டில் சாதம் இருக்கட்டும் என்பதை நாம் பிடித்துக்கொண்டோம். நார்ச்சத்தை விட்டுவிட்டோம்.

புள்ளிவிவரம் இதோ. ஐ.சி.எம்.ஆர். 1970களின் முற்பகுதியில் எடுத்த முதல் பெரிய கணக்கில் நகரங்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கே நீரிழிவு இருந்தது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 1980களின் இறுதியில் எடுத்த கணக்கில் அது எட்டைத் தாண்டியது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பதின்மூன்றுக்கு மேல். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வு, நகரவாசியின் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்தே, வருகிறது என்றது. அதை அதிகம் உண்பவர்களிடம் நீரிழிவும் அதிகம். பொன்னி, சோனா மசூரி இரண்டின் கிளைசீமிக் இன்டெக்ஸையும் அளந்தபோது எழுபதுக்கு மேல் வந்தது. எழுபது என்பது உயர்ந்த வகையின் வாசற்படி. 2014ல் அதே குழு, தீட்டாத அரிசி சாப்பிட்டவர்களின் ரத்தச் சர்க்கரை ஏற்றம் வெள்ளை அரிசியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றும், கூடவே பயறும் சேர்ந்தால் இன்னும் சற்றுக் குறைவு என்றும் கண்டது. 2023ல் வெளியான தேசியக் கணக்கு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி சாதத்தை நிறுத்திவிட்டேன், சப்பாத்திதான் என்பார்கள். எத்தனை என்று கேட்டால் ஐந்து என்பார்கள். 1971 அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம், முழுக் கோதுமை மாவில் 69, கேழ்வரகில் 72. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தலைகீழ் வித்தியாசம் இல்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம், நார்ச்சத்து நல்லது, அதற்காக விரும்பிச் சாப்பிடலாம். ஆனால் கூழாகக் கரைத்து இரண்டு டம்ளர் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். 2025ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. அதோடு, மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றினால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னது. மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதியைப் பருப்பு, பால், தயிர் வகைப் புரதமாக மாற்றியபோதுதான் குறைந்தது.

சித்தூர் ஜில்லாவில் ஒரு காலத்தில் உழைப்பாளிகளின் ஆகாரம் ராகி சங்கடி, அதாவது நொய்யரிசி சேர்த்த களி. 1983ல் ஆந்திரத்தில் கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. ஏழை வயிறு நிறைந்தது. அந்தப் புண்ணியத்தைக் குறைசொல்ல யாருக்கும் யோக்யதை இல்லை. ஆனால் சங்கடியின் இடத்தில் வெள்ளைச் சாதம் உட்கார்ந்துவிட்டதும் உண்மை. தமிழ்நாட்டிலும் 2006ல் இரண்டு ரூபாய், 2008ல் ஒரு ரூபாய், 2011ல் இலவசம் என்று அதே கதை நடந்தது. ஆகவே நீரிழிவு இன்று வக்கீல், நீதிபதியின் வியாதி மட்டுமல்ல.

அளவு என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சாப்பாட்டைத் தராசில் வைப்பதா என்று. அமெரிக்காவில் 1950ல் நீரிழிவுச் சங்கமும் உணவியலார் சங்கமும் சேர்ந்து ஈடுமாற்று அட்டவணை ஒன்றைத் தயாரித்தன. ஒரு ரொட்டித் துண்டுக்கு எது ஈடு, எவ்வளவு ஈடு என்ற கணக்கு. ரொட்டிப் பங்கு ஒன்றுக்கு மாவுச்சத்து 15 கிராம். நம் கணக்கில் அது சுமார் 20 கிராம் அரிசி. கோதுமை மாவானாலும் ராகியானாலும் 20 கிராமுக்குச் சற்று அதிகம். மேல்நாட்டு வழக்கம் என்று இதைத் தள்ளவேண்டியதில்லை. தடாவிலிருந்து மேற்கே போனால் திருமலை. பத்தாம் நூற்றாண்டில் ஸாமவை என்ற அரசி செய்த தர்மத்திலிருந்து, சாளுவ நரசிம்மன் காலத்துக் கந்தாடை ராமானுஜ ஐயங்காரின் கட்டளைகள்வரை, அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் பெருமாளின் அமுதுபடிக்கு அரிசி இத்தனை மரக்கால், பயறு இவ்வளவு, நெய் இத்தனை உழக்கு, தயிர் இத்தனை நாழி, மிளகு, உப்பு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருமாளுக்கே அளவு இருந்தது. நமக்கு மட்டும் போதும் என்று கை மறிக்கும் வரை பரிமாறல்.

நம் சாப்பாட்டின் அமைப்பே சாதத்தைப் பெருக்குவது. முதலில் பருப்புக்கு ஒரு பிடி, பிறகு சாம்பாருக்கு அல்லது குழம்புக்கு, ரசத்துக்கு அல்லது சாற்றமுதுக்கு, கடைசியில் மோருக்கு. சாதம் நான்கு தரம் வருகிறது. கறி, கூட்டு ஒரே தரம், அதுவும் இலையின் மேல் ஓரத்தில். பருப்போ மங்களகரமாக ஒரு ஸ்பூன். தடாவுக்கு அப்பால் பாருங்கள். அவர்கள் பச்சரிசிக்காரர்கள்தான், காரமும் எண்ணெயும் நமக்கு ஒத்துவராது. ஆனால் பப்பு என்பது அங்கே ஒரு முழுப் பதார்த்தம். கெட்டியாக, கீரையோ மாங்காயோ தக்காளியோ சேர்த்து, கரண்டி கரண்டியாக வரும். காலைப் பலகாரத்துக்கு முழுப் பச்சைப்பயறை அரைத்த பெசரட்டு. நம் அடையை அதன் சகோதரி எனலாம், அரிசியைக் குறைத்து வார்த்தால்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வேளைக்கு 150 கிராம் பச்சரிசியும் 10 கிராம் துவரம்பருப்பும் என்றால், மாவுச்சத்து சுமார் 123 கிராம், புரதம் 12 கிராம் சொச்சம். அரிசியைப் பாதியாக்கி 75 கிராம் என்றும், பருப்பை 40 கிராம் என்றும் வைத்தால், மாவுச்சத்து 82 கிராமாக இறங்குகிறது, புரதம் 14 ஆகிறது. குறைந்த சாதத்தின் இடத்தைக் கறியும் கூட்டும் கீரையும் இரண்டு மடங்காகி நிரப்ப வேண்டும். உருளையும் சேப்பங்கிழங்கும் இந்தக் காய்க் கணக்கில் வாரா. நான்கு தரமும் சாதம் வரலாம், ஒவ்வொரு தரமும் சிறு பிடி. முதலில் காயையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டு சாதத்துக்குப் போவது இன்னும் உத்தமம். 2024ல் ஐ.சி.எம்.ஆர்.-தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எல்லோருக்குமாக வெளியிட்ட வழிகாட்டியும் 2000 கலோரி ஆகாரத்தில் ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறி 400 கிராம் என்கிறது. 400 கிராம் காய் என்பது நம்மில் பலர் வீட்டில் நான்கு பேருக்கு வாங்குவது!

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் பருப்பையும் தயிரையும் தாமாகக் கூட்டக்கூடாது. வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டும். ஊறுகாயும் அப்பளமும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறொரு தொல்லை. சர்க்கரை போடாத காப்பி ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஓர் ஆபத்து. ச்ராத்தத்தன்று கர்த்தா சாப்பிட மணி இரண்டு, மூன்று ஆகிவிடும். முதல் நாள் இரவும் பலர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையில் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். இன்சுலினுக்கும் சில வகை மாத்திரைகளுக்கும் இது முக்கியம். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல், பேச்சுத் தடுமாற்றம் கண்டால் மந்திரத்தை நிறுத்திவிட்டு, சுமார் 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். வெளியூரில் தனியாக இருந்து, சமையல்காரரையும் வாத்தியாரையும் மட்டும் வைத்துக்கொண்டு ச்ராத்தம் செய்யும் எழுபது வயதுக்காரர்கள் நம் சங்கத்தில் பலர். அருகில் இருப்பவருக்கு இது தெரிந்திருப்பது அவசியம்.

ஏகாதசியும் அப்படியே. அரிசி இல்லை என்று ஜவ்வரிசி உப்புமா சாப்பிடுவது உபவாசமாகலாம்; ரத்தத்துக்கு அது மரவள்ளி மாவுதான். ச்ராத்தச் சமையலோ, பட்சணங்களை நீக்கிப் பார்த்தால், நீரிழிவுக்காரருக்கு அவ்வளவு விரோதமில்லை. வசிஷ்டர் வீட்டு ச்ராத்தத்தில் விச்வாமித்திரர் ஆயிரத்தெட்டுக் காய் கேட்ட கதை தெரிந்ததே: பாகற்காய் நூறு, பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு, மிச்சம் எட்டு. பாகற்காயும் பிரண்டைத் துவையலும் அன்று தாராளமாக விழட்டும், பலா வேண்டுமானால் கறியாக. அதிரசத்தையும் திரட்டுப்பாலையும் பிரசாதமாகத் துளி எடுத்துக்கொண்டால் பித்ருக்கள் கோபிக்கமாட்டார்கள்.

விரதம் கெடுமே என்று தயங்குகிறவர்களுக்கு, எட்டு வஸ்துக்கள் விரதத்தைக் கெடுப்பதில்லை என்று தர்ம சாஸ்திரத்திலேயே பட்டியல் இருக்கிறது. தீர்த்தம், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், பிராம்மணர் விருப்பம், குரு வசனம், ஔஷதம். அந்த வருஷ திதிக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் அன்றைய மாத்திரை, இன்சுலின் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வாத்தியாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், குதப காலம் ஆரம்பித்ததும் தாமதமின்றித் தொடங்க அவர் ஏற்பாடு செய்வார்.